ஆறு பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறதா?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மூன்று வருடமாக ராக் பேண்டு நடத்துகிறோம். கல்லூரி விழாக்களிலும் வார இறுதியில் கஃபேக்களிலும் வாசிக்கிறோம். பெரும்பாலும் கவர்கள், அதாவது அடுத்தவர் பாட்டுகள்: சினிமாப் பாட்டு, ஆங்கில ராக். சொந்தமாக ஆறு பாட்டு இருக்கிறது, எல்லாமே நான் எழுதி மெட்டுப் போட்டவை. கேட்டவர்கள், "நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கே" என்கிறார்கள். கையில் 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். கிதார் வாசிப்பவன் நல்ல ஆம்ப் (கிதார் ஒலிபெருக்கி) வாங்கலாம் என்கிறான், நான் மியூசிக் வீடியோ எடுக்கலாம் என்கிறேன். இதற்கிடையில் டிரம்மர், "பாட்டுல என் பேரு ஏன் இல்ல?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். தமிழில் எழுதினால் ராக் மாதிரி ஒலிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் நம்ம ஊரில் கேட்க ஆளில்லை. கஃபேக்காரரோ சொந்தப் பாட்டே வேண்டாம் என்கிறார். பெரிய பேண்டுகள் எல்லாம் எப்படித்தான் வளர்ந்தன? மூன்று பாட்டின் டெமோ (மாதிரிப் பதிவு) அனுப்பியிருக்கிறேன். (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: தம்பி, மூன்று டெமோவையும் கேட்டேன். வாசிப்பில் சொல்லும்படியான குறை இல்லை. பேஸும் டிரம்ஸும் நன்றாக ஒட்டிப் போகின்றன. வாரா வாரம் கஃபேயில் வாசித்துப் பழகிய கைகள் என்று தெரிகிறது. குறை இருப்பது பாட்டில். ஆம்ப் வாங்கினால் அது சத்தமாகக் கேட்கும், வீடியோ எடுத்தால் நிறையப் பேருக்குத் தெரியவரும், அவ்வளவுதான். அதனால் பணத்தைக் கொஞ்ச நாள் வங்கியிலேயே விட்டு வையுங்கள்.

"ஒண்ணு மாதிரியே இருக்கு" என்று சொன்னவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மூன்று பாட்டும் இ மைனர், சி, ஜி, டி என்று ஒரே நான்கு கார்டுகளை, அதாவது ஒன்றாக மீட்டும் ஸ்வரக் கூட்டுகளை, சுற்றி வருகின்றன. அது மட்டும் என்றால் மன்னித்துவிடலாம், அந்த நான்கை வைத்து உலகம் முழுக்க எத்தனையோ நல்ல பாட்டுகள் வந்திருக்கின்றன. ஆனால் மூன்றும் ஏறத்தாழ ஒரே வேகம். மூன்றிலும் ஒவ்வொரு வரியையும் முதல் அடியிலேயே எடுக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெர்ஸ் (சரணம்) எந்த ஸ்வரங்களுக்குள் நடமாடுகிறதோ அதற்குள்ளேயேதான் கோரஸும் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) நடமாடுகிறது. கோரஸ் வந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், கிதாரில் டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, ஏறியது. கிதாரை நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாடிப் பாருங்கள். எங்கே வெர்ஸ் முடிந்தது, எங்கே கோரஸ் ஆரம்பித்தது என்று உங்களுக்கே பிடிபடாது.

வெர்ஸின் மெட்டை நாலைந்து ஸ்வரத்துக்குள் கட்டிப் போடுங்கள். கோரஸின் முதல் சொல் அந்த எல்லைக்கு மேலே போய் விழட்டும். வெர்ஸில் முதல் அடியை டிரம்ஸுக்கு விட்டுவிட்டு அரை அடி தள்ளி எடுங்கள். அனாகத எடுப்பு என்று கர்நாடக சங்கீதத்தில் சொல்வார்களே, தாளம் விழுந்த பிறகு பாட்டை எடுப்பது, அது ராக்குக்கும் பிரமாதமாகப் பொருந்தும். கோரஸ் வரும்போது முதல் அடியிலேயே இறங்குங்கள். இந்த இரண்டை மட்டும் செய்தாலே உங்கள் இரண்டாவது டெமோ வேறு பாட்டாகிவிடும்.

பெரிய பேண்டுகள் எப்படி வளர்ந்தன என்று கேட்டால் வழக்கமாக பீட்டில்ஸ் கதையைச் சொல்வார்கள். உங்களுக்கு அதைவிடப் பொருத்தமானது அமெரிக்காவின் ஆர்.இ.எம். என்று நினைக்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். நியூயார்க்கும் இல்லை, லாஸ் ஏஞ்சலஸும் இல்லை. சென்னைக்குப் போனால்தான் எதுவும் நடக்கும் என்று நினைக்கிற கோவைப் பையன்கள் கவனிக்க வேண்டிய ஊர். அங்கே ரெக்கார்டுக் கடையில் வேலை பார்த்த பீட்டர் பக், அந்தக் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்த மாணவர் மைக்கேல் ஸ்டைப், இவர்களோடு மைக் மில்ஸ், பில் பெர்ரி. 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்றில், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் முதல் கச்சேரி. உங்களைப் போலவே அவர்களிடமும் அன்றைக்குக் கவர் பாட்டுகள் நிறைய இருந்தன.

1981-ல் முதல் சிங்கிள், அதாவது தனியாக வெளியிட்ட ஒரு பாட்டு. 1983-ல் முதல் முழு ஆல்பம். சிங்கிளாக வந்த அதே பாட்டை அந்த ஆல்பத்துக்காக மறுபடியும் ஒலிப்பதிவு செய்தார்கள். அதிலிருந்து 1988 வரை வருடத்துக்கு ஓர் ஆல்பம், மொத்தம் ஆறு. நடுவில் வேன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி. அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் ஒரு பாட்டு வந்தது 1987-ல்தான், அதாவது ஏழு வருடம் கழித்து. உலகம் முழுக்கத் தெரிந்த 'லூசிங் மை ரிலிஜன்' வந்தது 1991-ல்.

அந்தப் பாட்டு பிறந்த கதையை இளம் பேண்டுகள் எல்லோருக்கும் சொல்வேன். பக் அப்போதுதான் மாண்டலின் கற்றுக்கொண்டிருந்தார். டிவி பார்த்துக்கொண்டே கை போன போக்கில் வாசித்ததை டேப்பில் பதிந்து வைத்திருந்தார். மறுநாள் கேட்டபோது, கற்றுக்குட்டி வாசிப்புக்கு நடுவில் ஒரு துண்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவு குப்பைக்கு நடுவே அந்தத் துண்டைப் பொறுக்கி எடுத்த காதுக்குப் பின்னால் பத்து வருடப் பாட்டுத் தொழில் இருந்தது. அந்த நேரத்தில் நான்கு பேரும் வேண்டுமென்றே வாத்தியங்களை மாற்றி வாசித்துக்கொண்டும் இருந்தார்கள். பழகிய வாத்தியத்தில் விரல் பழகிய இடத்துக்கே போகும். உங்கள் இ மைனர் அப்படி வந்ததுதான்.

இன்னொன்று உங்கள் டிரம்மருக்காக. 1992-ல் வந்த அவர்களது 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் பெரும்பகுதியைக் கொண்டுவந்தவர் டிரம்மர் பில் பெர்ரி. கேட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒரு டிரம் மெஷின்தான் தட்டிக்கொண்டிருக்கும். தானே கொண்டுவந்த பாட்டில் தனக்கு வேலை இல்லை என்று அவர் முகம் சுளிக்கவில்லை, பாட்டுக்கு எது தேவையோ அது நடந்தது. ஆகவே அடுத்த வாரம் உங்கள் டிரம்மர் கையில் ஒரு அக்கூஸ்டிக் கிதாரைக் கொடுங்கள். நீங்கள் பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கேவலமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நீங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு நாளைப் பாட்டு எழுத மட்டும் ஒதுக்குங்கள். அன்றைக்கு அடுத்த கச்சேரிக்கான ஒத்திகை கூடாது, கவர் கூடாது. ஜாம் ரூமுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி அங்கே உட்கார்ந்து யோசிக்காதீர்கள். யாராவது வீட்டு மொட்டை மாடி போதும். நான்கு பேரும் ஆளுக்கு ஏதாவது ஒன்று கொண்டுவர வேண்டும். எட்டு பார் (தாளச் சுற்று) ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டு), ஒரு வரி, பேஸில் ஒரு ஓட்டம், எதுவானாலும் சரி. அரைகுறையாக இருந்தாலும் சரி. வெறுங்கையோடு வருவதற்கு மட்டும் அனுமதி இல்லை. கேட்டுவிட்டு "பிடிக்கல" என்று யாரும் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் கவனம் போனது என்று சொல்லலாம், "மூணாவது பாரில் எனக்கு விட்டுப்போச்சு" என்கிற மாதிரி. முதலில் சொன்னது மனதைப் புண்படுத்தும், இரண்டாவது வேலையைக் காட்டும்.

எல்லாவற்றையும் போனில் பதிந்து, தேதியும் அடையாளமாக ஒரு சொல்லும் வைத்துச் சேமியுங்கள். ஆனால் அடுத்த வாரம் வந்ததும் போனைத் திறக்காதீர்கள். முதலில் ஒவ்வொருவரும் நினைவிலிருந்து பாடிக் காட்டட்டும். பீட்டில்ஸின் லென்னனும் மெக்கார்ட்னியும் சின்னப் பையன்களாக எழுத ஆரம்பித்தபோது வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. மறுநாள் நமக்கே ஞாபகம் வராத மெட்டு மற்றவர்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று அதை விட்டுவிடுவார்களாம். இன்றைக்கும் இதைவிட நல்ல சல்லடை கிடையாது.

எடுத்த பாட்டை முடித்துவிடுங்கள், சுமாராக இருந்தாலும். வெர்ஸும் கோரஸும் அருமையாக வைத்துக்கொண்டு இரண்டாவது வெர்ஸ் இல்லாமல் வருடக்கணக்கில் தொங்கும் பாட்டுகள் எல்லாப் பேண்டிடமும் உண்டு. முடிக்கத் தெரிவது தனி வித்தை, முடித்து முடித்துத்தான் வரும். ஆறு மாதத்தில் இருபது பாட்டு முடித்தால் அதில் நாலு தேறும். இப்போது உங்களிடம் இருப்பது ஆறு. அந்த ஆறையும் காப்பாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் உங்களைத் திருத்தவிடாமல் தடுக்கிறது.

திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது மட்டும் அல்ல. பீட்டில்ஸின் 'பிளீஸ் பிளீஸ் மீ' முதலில் மெதுவான, ஏக்கமான பாட்டாகத்தான் இருந்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வேகத்தைக் கூட்டச் சொன்னார், 1963 ஆரம்பத்தில் பிரிட்டன் முழுக்க அது பேச்சாகிவிட்டது. உங்கள் மூன்றாவது டெமோவை இதற்கு நேர்மாறாகச் செய்து பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கி, டிஸ்டார்ஷனை எடுத்துவிட்டுப் பாடுங்கள். அந்த வரிகள் கத்திப் பாட வேண்டிய வரிகளே இல்லை.

இனி தமிழ். "தமிழில் எழுதினால் ராக் மாதிரி ஒலிக்கவில்லை" என்ற புகாரை நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் ஆங்கில வரி விழுந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைக் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பார்கள். உங்கள் இரண்டாவது டெமோவின் கோரஸ், "விடு, என்னை விடு". அந்த 'வி'யை நாலு அடிக்கு இழுக்கிறீர்கள். முதல் முறை கேட்டபோது நீங்கள் வீட்டு ஞாபகத்தில் அழுகிறீர்கள் என்றே நினைத்தேன்! குறிலை இழுத்தால் அது நெடிலாகிவிடும். மலை மாலையாகும், படம் பாடமாகும், விடு வீடாகும். இழுக்க வேண்டிய இடத்தில் நெடிலை வையுங்கள். "விட்டுப் போ, என்னை விட்டுப் போ" என்று பாடிப் பாருங்கள். 'போ'வை எத்தனை அடி வேண்டுமானாலும் இழுக்கலாம், பொருள் கெடாது. கூடவே இன்னொரு லாபம். 'விட்டு'வில் அந்த 'ட்' மூச்சை ஒரு கணம் நிறுத்துகிறது, அந்த இடைவெளியில் ஸ்நேர் டிரம்மின் அடி விழுந்தால் அடி இரண்டு மடங்கு பலமாகக் கேட்கும். க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற எல்லாம் தமிழ் நமக்கு இனாமாகக் கொடுத்திருக்கும் டிரம் கிட். மெல்லினத்தை, ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) ஓடும் வெர்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரி முடிவு. நடக்கிறேன், கிடக்கிறேன், துடிக்கிறேன், வெடிக்கிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். தமிழ் வினைச்சொல் எல்லாமே 'றேன்' என்று முடியக் கூடியதுதான். அதனால் அந்த இயைபுக்குக் காதில் மதிப்பே இல்லை, கேட்பவருக்கு அடுத்த சொல் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நம் காது பழகியிருப்பது எதுகைக்கும் மோனைக்கும். வரி ஆரம்பத்தில் கட்டுங்கள், முடிவை அவிழ்த்து விடுங்கள்.

சொல் வராத மெட்டுக்காகப் பாட்டை நிறுத்தி வைக்காதீர்கள். 'யெஸ்டர்டே' மெட்டு கையில் இருந்தபோது மெக்கார்ட்னி அதில் வைத்திருந்த சொற்கள் முட்டைப் பொரியலைப் பற்றியவை. சரியான சொல் கிடைக்கும் வரை அதையே பாடிக்கொண்டிருந்தார். நமக்கு முட்டை கூட வேண்டாம், தத்தகாரம் இருக்கிறது. திருப்புகழ்ப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 'தத்தன தானன' என்று சந்தக் குழிப்பு அச்சிட்டிருப்பார்கள். மெட்டை முதலில் 'தனனா தானா' என்று எழுதி, எங்கே குறில், எங்கே நெடில், எங்கே ஒற்று என்று பார்த்துவிட்டுச் சொல் தேடுங்கள். சினிமாவில் இத்தனை காலமாக மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் செய்வதும் இதுதானே.

தமிழா ஆங்கிலமா என்பதில் என் கருத்தை ஒளிக்கவில்லை: தமிழ். மலையாளத்தில் அவியல் பேண்டு 2008-ல் ஆல்பமே போட்டுக் காட்டிவிட்டது. சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானாவையும் பறையையும் எலெக்ட்ரிக் கிதாரோடு ஒரே மேடையில் வைத்தது. அவர்களை நகல் எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு பாட்டாவது எழுதிப் பாருங்கள் என்கிறேன். கடிதத்தில் "நம்ம ஊரில்" என்று இயல்பாக எழுதிய நீங்கள், பாட்டு என்றதும் "வானமே இடிந்தாலும்" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

டிரம்மர் விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தள்ளிப் போடாதீர்கள். பேண்டுகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆர்.இ.எம். ஆரம்பத்திலிருந்தே எல்லாப் பாட்டுக்கும் நான்கு பேர் பெயரையும் சமமாகப் போட்டது. வரி எழுதியவர் ஸ்டைப் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அப்படித்தான். 1997-ல் உடல்நலக் குறைவுக்குப் பிறகு பெர்ரி தானாக விலகியபோதும் சண்டை இல்லை. மறுபக்கம் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க பேண்டு. 1969 ஒரே வருடத்தில் மூன்று ஆல்பம் போட்ட பேண்டு அது, சொந்தப் பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஜான் ஃபோகர்ட்டி எழுதியவை. 1971-ல் சொந்த அண்ணன் டாம் ஃபோகர்ட்டியே வெளியேறினார். கடைசி ஆல்பத்தில் மற்றவர்களும் எழுதினார்கள், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1972-ல் பேண்டு கலைந்தது.

இதிலிருந்து எல்லாவற்றையும் நாலாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதுவரை எழுதிய ஆறும் உங்களுடையவை, அதை அவர்களும் ஒப்புக்கொள்ளட்டும். இனி மொட்டை மாடியில் பிறக்கும் பாட்டுகளை நாலு பேர் பெயரிலும் சமமாகப் போடுங்கள் என்பது என் யோசனை. மனம் ஒப்பவில்லை என்றால், வரிக்கும் மெட்டுக்கும் பாதி, பேண்டுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். சட்டம் பொதுவாக வரியையும் மெட்டையும்தான் படைப்பு என்று பார்க்கும், டிரம்மர் அமைத்த தாளக்கட்டைத் தனியாகக் கண்டுகொள்ளாது. அதனால்தான் உங்களுக்குள் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் பாட்டின் பெயர், தேதி, யாருக்கு எத்தனை சதவீதம், நாலு கையெழுத்து. போனில் படம் எடுத்து நாலு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டை வெளியிட்ட பிறகு பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பதிவு செய்யுங்கள். யாராவது கம்பெனி மொத்தமாக எழுதித் தரச் சொன்னால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை ஒரு கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த விட்டுக்கொடுப்பு செல்லாது. கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுவதில் கூச்சப்படாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். ஆம்ப் வேண்டாம், இருப்பது கஃபேக்குப் போதும். வீடியோவும் இப்போது வேண்டாம். ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கையும் கிதாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) இரண்டு மைக்கும் வாங்கி வீட்டிலேயே டெமோ எடுங்கள். தன் பாட்டைத் தானே பதிந்து திரும்பத் திரும்பக் கேட்பதைப் போலக் கற்றுக் கொடுக்கும் வாத்தியார் கிடையாது. மீதியைத் தொடாதீர்கள். இருபதில் தேறிய நாலில் ஒன்றை மட்டும் நல்ல ஸ்டூடியோவில் பதிந்து மிக்ஸ் செய்ய அது ஆகும்.

கஃபேக்காரருடன் சண்டை போடாதீர்கள், கவர்களை விடவும் வேண்டாம். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, அதில் சொந்தம் 8, கவர் 6. ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் ஆல்பத்தில் பெரும்பகுதி கவர்தான். முழுக்க முழுக்கத் தாங்களே எழுதிய ஆல்பம் அவர்களுக்கு 1966-ல்தான் வந்தது. நீங்கள் வாசிக்கும் கவர் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள்: கோரஸ் எத்தனையாவது நொடியில் வருகிறது, இரண்டாவது வெர்ஸில் என்ன புதிதாகச் சேர்கிறது, பிரிட்ஜில் (நடுவில் வரும் மாறுபட்ட பகுதியில்) எந்தக் கார்டுக்குத் தாவுகிறார்கள். சொந்தப் பாட்டைச் செட்டின் கடைசியில் வைக்காதீர்கள், அதற்குள் பாதிப் பேர் பில் கேட்டிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பாட்டு வாசித்து, மூன்றாவதாக "இது எங்க பாட்டு" என்ற முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் நேராக ஆரம்பியுங்கள். எந்த இடத்தில் பேச்சுச் சத்தம் கூடுகிறது என்று பேஸ் வாசிப்பவர் கவனிக்கட்டும், அவருக்குத்தான் கொஞ்சம் கை ஓய்வு. அடுத்த மொட்டை மாடி நாளில் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி கட்டுங்கள். கஃபேக்காரர் கேட்டால் யாரோ பழைய பேண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.